முதல் புரோகிராம் ஒரு ஸ்டாப்வாட்ச்சாக இருக்கட்டும்!

ஆண்டு மலர் கைக்கு வந்ததும் முதலில் குரூப் போட்டோவில் நம்ம முகம் எங்கே என்று தேடுவோம். அப்புறம் கவிதை, அப்புறம் ஜோக்ஸ். கம்ப்யூட்டர் கட்டுரை என்றால் "இது அந்த டிபார்ட்மெண்ட்காரங்களுக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது வழக்கம். இந்தத் தடவை கொஞ்சம் நில்லுங்கள். ஹைட்ராலிக்ஸ் லேபில் கலெக்டிங் டேங்கில் 10 செ.மீ. தண்ணீர் ஏறும்வரை ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கும், எனர்ஜி மீட்டர் தட்டின் கோடு எத்தனை முறை வந்து போகிறது என்று கண் கொட்டாமல் எண்ணிய எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். புரோகிராம் கற்க வருகிற ஒருவர் முதன்முதலில் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டியது மார்க் லிஸ்டும் இல்லை, ஃபிபனாச்சி வரிசையும் இல்லை. ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட் என்று மூன்று பட்டன்கள்; மேலே ஓடுகிற எண்கள்; அவ்வளவுதான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சாதாரண ஸ்டாப்வாட்ச். காரணம் ரொம்ப எளிமையானது. அது சரியாக ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல ஒரு வாத்தியார் வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு கடிகாரத்தை வைத்தால் போதும்.

இப்போது லேபில் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஃபிபனாச்சிக்கு 0, 1, 1, 2, 3, 5 என்று வர வேண்டும். அது சீனியர் ரெக்கார்டிலேயே இருக்கிறது. நாம் டைப் அடிக்கிறோம். சிவப்பு எழுத்தில் திட்டு வந்தால் பக்கத்து சீட்டைப் பார்க்கிறோம்.

"அவுட்புட் வந்துருச்சா?"

"வந்துருச்சு சார்."

"சரி, சைன் வாங்கிக்கோ."

'வந்துருச்சா' என்ற கேள்விதான் எப்போதும். 'சரியா இருக்கா' என்ற கேள்விக்கு வேலையே இல்லை. ஏனென்றால் விடை ஏற்கெனவே தெரியும். கம்ப்யூட்டர் லேபை மட்டும் குறை சொல்வானேன்! ஆரிஃபிஸ் சோதனையில் சி.டி. மதிப்பு 0.62-க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற மாதிரி ரீடிங் எழுதுகிற கலை எல்லா பாலிடெக்னிக்கிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வருகிறது. தண்ணீரே திறக்காமல் ரீடிங் எடுக்கிற சூரர்கள் உண்டு! விடைக்கு ஏற்ற மாதிரி வேலையைச் சரிக்கட்டுவதில் நாம் டிப்ளமா முடிப்பதற்குள் கைதேர்ந்துவிடுகிறோம். வெளியே போனால் ஒரு தொழிற்சாலையில் மெஷினைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே சீனியர் ரெக்கார்டு கிடையாது.

"ஸ்டாப்வாட்ச்தான் போன்லயே இருக்கே, அதை எதுக்குத் திரும்பச் செய்யணும்?" என்று கேட்பீர்கள். போனில் இருப்பதால்தான் செய்யச் சொல்கிறேன். விடைத்தாள் ஏற்கெனவே நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் அது காப்பி அடிக்க முடியாத விடைத்தாள். ஒத்துப் பார்க்க மட்டும்தான் முடியும். மார்க் லிஸ்ட் புரோகிராமுக்கு அப்படி ஒரு விடைத்தாள் எங்கே கிடைக்கும்?

இந்த வருஷம் சாயங்கால நேரங்களில் இரண்டாமாண்டுத் தம்பி, தங்கைகள் சிலரோடு உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தோம். பைத்தான் மொழி, அதோடு கூடவே வருகிற டிகின்டர் என்ற சாதனம். தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸில் பைத்தானைப் போடும்போதே டிகின்டரும் வந்துவிடும். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் மட்டும் தனியாக ஒரு பொதியாக ஏற்ற வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் முழிப்பவர்கள் அதிகம்.

ஒரு நல்ல சங்கதி. 2008-ல் வந்த பைத்தான் 3 முதல், மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். இஃப், வைல் போன்ற மொழியின் சொந்தச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் நாம் வைக்கிற பெயர் நம் இஷ்டம். "ஓடுகிறதா", "தொடக்கம்", "சேமிப்பு" என்று எழுதினால் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஒரு தங்கை இதைப் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சிருந்தா போன வருஷமே பயப்படாம இருந்திருப்பேன் அண்ணா" என்றது. வேலைக்குப் போகிற இடத்தில் ஆங்கிலப் பெயர்தான் வைக்கச் சொல்வார்கள். இருக்கட்டும், முதல் புரோகிராமுக்கு இது போதும்.

எல்லாரும் முதலில் எழுதுவது ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு சுற்று, அதற்குள் எண்ணை ஒன்று கூட்டு, ஒரு வினாடி தூங்கு, மறுபடி கூட்டு. கறுப்புத் திரையில் இது ஜோராக ஓடும். அதையே பட்டன் வைத்த விண்டோவுக்குள் கொண்டுபோய் வைத்தால் ஸ்டார்ட்டை அமுக்கியதும் விண்டோ அப்படியே உறைந்துபோகும். ஸ்டாப் பட்டன் அமுங்காது. மூடவும் முடியாது.

"அண்ணா, சிஸ்டம் ஹேங் ஆயிருச்சு."

சிஸ்டம் ஹேங் ஆகவில்லை. தெருமுனை டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாஸ்டர். ஆர்டர் கேட்பதும் அவர், டீ ஆற்றுவதும் அவர், காசு வாங்கிப் போடுவதும் அவர். அவர் ஒரு வினாடி தூங்கி எழுந்து, ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி ஒரு வினாடி தூங்கினால், கல்லாவுக்கு முன்னால் நிற்பவன் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. விண்டோவும் அப்படித்தான். பட்டன் அமுக்கியதைக் கேட்பது, எழுத்தைத் திரையில் வரைவது, நம் புரோகிராமை ஓட்டுவது எல்லாம் ஒரே ஆள். அவரைத் தூங்க வைக்கக் கூடாது. "ஒரு வினாடி கழித்து என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு நாம் விலகிக்கொள்ள வேண்டும். டிகின்டரில் அதற்கு 'ஆஃப்டர்' என்று ஒன்று இருக்கிறது. ஆயிரம் மில்லி வினாடி என்று சொல்லி, கூப்பிட வேண்டிய பங்ஷனின் பெயரைக் கொடுத்தால் போதும்.

இதைப் போட்டதும் விண்டோவுக்கு உயிர் வந்துவிட்டது. எண் 1, 2, 3 என்று ஓடுகிறது. ஸ்டாப் நிற்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். சாதாரண லேபாக இருந்தால் இங்கே சைன் விழுந்திருக்கும். ஆனால் நாங்கள் பக்கத்தில் போனை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் நம்மாள் நாலு வினாடி பின்னால்!

அந்த நாலு வினாடியைத்தான் நான் இந்தக் கட்டுரையில் தூக்கிப் பிடிக்கிறேன். சிவப்பு எழுத்துத் திட்டு எதுவும் வரவில்லை. புரோகிராம் 'ஓடுகிறது'. ஆனால் பொய் சொல்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு என்று வாயால் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாலும் ஏறாதது, இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் ஏறிவிட்டது. அதைவிட முக்கியம், கண்டுபிடித்தது யாரோ எக்ஸ்டர்னல் இல்லை, எழுதினவரே!

ஏன் பின்தங்குகிறது? "ஒரு வினாடி கழித்துக் கூப்பிடு" என்றால் அதற்கு முன்னால் கூப்பிட மாட்டேன் என்றுதான் உத்தரவாதம். சரியாக அப்போதே கூப்பிடுவேன் என்று யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் வேறு டீ ஆற்றிக்கொண்டிருந்தால் முடித்துவிட்டுத்தான் வருவார். தடவைக்கு ஏழு மில்லி வினாடி தாமதம் என்றால் கண்ணுக்கே தெரியாது. பத்து நிமிஷத்தில் அறுநூறு தடவை. பெருக்கிப் பாருங்கள், நாலு வினாடி வந்துவிடும்.

நூற்றில் ஒரு பங்கு வினாடி காட்ட ஆசைப்பட்டு, பத்து மில்லி வினாடிக்கு ஒரு தடவை 0.01 கூட்டினால் கூத்து இன்னும் பெரிது. விண்டோஸின் வழக்கமான டைமர் துடிப்பு வினாடிக்கு 64. ஒரு துடிப்புக்கு 15.6 மில்லி வினாடி. நாம் பத்து கேட்டாலும் அது தன் துடிப்புக்குத்தான் எழுந்திருக்கும். அப்படி நடக்கிற மெஷினில் உண்மையான ஒரு நிமிஷம் போனால் நம் ஸ்டாப்வாட்ச் 38 வினாடி சொச்சம்தான் காட்டும். இது இன்றைக்கு வந்த வியாதியும் இல்லை. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் டைமர் வினாடிக்கு 18.2 முறைதான் துடித்தது. பின்னால் விஷுவல் பேசிக்கில் டைமருக்கு இண்டர்வல் 10 என்று போட்டவர்களுக்கும் அந்தக் கால விண்டோஸில் 55 மில்லி வினாடிக்குக் கீழே கிடைத்ததில்லை. நம் லேப் அசிஸ்டெண்ட் அண்ணனைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டார்ட்டை இன்னொரு தடவை அமுக்குங்கள். கூட்டிக்கொண்டே போகிற ஸ்டாப்வாட்ச் இரட்டை வேகத்தில் பறக்கும்! இரண்டு பேர் தனித்தனியாக "ஒரு வினாடி கழித்துக் கூப்பிடு" என்று சொல்லிவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு தம்பி ஐந்து முறை அமுக்கிவிட்டு "அண்ணா, டிப்ளமாவைச் சீக்கிரம் முடிச்சிரலாம் போல" என்றான்.

சரி, வைத்தியம் என்ன? எண்ணாதே, கேள். ஸ்டார்ட் அமுக்கிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொள். ஒவ்வொரு தடவை கூப்பிடப்படும்போதும் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து, இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்துக் காட்டு. தாமதமாகக் கூப்பிட்டால் திரையில் எண் கொஞ்சம் எகிறித் தெரியும், ஆனால் தவறாக இருக்காது. தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராது. அன்றன்றைய கணக்கு அன்றோடு போயிற்று.

மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் பாடத்தில் டைம் ஸ்டடி என்று வருகிறதே, அதில் உள்ளதுதான் இது. 1880-களில் அமெரிக்காவில் மிட்வேல் இரும்பாலையில் டெய்லர் ஸ்டாப்வாட்ச்சோடு தொழிலாளர்கள் பக்கத்தில் நின்றதிலிருந்து தொடங்கிய கலை. ஒவ்வொரு சிறு வேலை முடிந்ததும் முள்ளைப் பூஜ்யத்துக்குத் தட்டிவிட்டு மறுபடி எடுப்பது ஒரு முறை. தட்டுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் கையை விட்டு நழுவும். கடிகாரத்தை ஓட விட்டுவிட்டு, ரீடிங்குகளை மட்டும் குறித்துக்கொண்டு பின்னால் கழித்துக்கொள்வது இன்னொரு முறை. மொத்த நேரம் கெடாது. நம் ஸ்டாப்வாட்ச்சில் செய்ததும் இந்த இரண்டாவது முறைதான். புரோகிராமருக்கென்று தனி ஞானம் எதுவும் இல்லை.

சிறு சிறு பிழைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துக்கமான உதாரணம் உண்டு. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதி அரேபியாவில் தஹ்ரான் என்ற இடம். அங்கே பேட்ரியட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வரும் ஸ்கட் ஏவுகணையை மறிக்கத் தவறியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை சரி. அதை வினாடியாக மாற்றப் பத்தில் ஒன்றால் பெருக்கியபோது, அந்தப் பத்தில் ஒன்று 24 பிட்டுக்குள் அடங்குவதற்காக வால் வெட்டப்பட்டிருந்தது. இரும எண்ணில் பத்தில் ஒன்றுக்கு முடிவே கிடையாது, நம் தசமத்தில் மூன்றில் ஒன்றுக்கு 0.333 என்று போய்க்கொண்டே இருப்பது போல. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய பிறகு பிழை 0.34 வினாடியாக வளர்ந்திருந்தது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். திருத்திய மென்பொருள் அங்கே வந்து சேர்ந்தது மறுநாள்.

நம்ப முடியவில்லை என்றால் பைத்தானில் 0.1-ஐப் பத்து முறை கூட்டல் குறி போட்டுக் கூட்டிப் பாருங்கள். ஒன்று வராது. 0.9999999999999999 வரும்.

இனி பட்டன் கணக்கு. கடையில் சரக்கு எடுத்துவைப்பது போல மூன்றே மூன்று சங்கதிகளை நினைவில் வைத்தால் போதும். இப்போது ஓடுகிறதா? எப்போது தொடங்கியது? இதற்கு முன் ஓடி நின்றதில் சேர்ந்தது எவ்வளவு? ஸ்டார்ட் அமுக்கினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் சும்மா இரு. இல்லையென்றால் நேரத்தைக் குறி. ஸ்டாப் அமுக்கினால், தொடங்கியதிலிருந்து இதுவரை போனதைச் சேமிப்பில் போடு. திரையில் காட்ட வேண்டியது சேமிப்பும், ஓடிக்கொண்டிருந்தால் அதோடு இப்போதைய ஓட்டமும். ஓடும்போதே ரீசெட் அமுக்கினால் என்ன செய்வது? இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை கிடையாது. நின்றுவிடலாம், பூஜ்யத்திலிருந்து தொடர்ந்து ஓடலாம், பட்டனே அமுங்காமல் செய்துவிடலாம். முடிவு செய்ய வேண்டியது செய்கிறவர்தான். எங்கள் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் சண்டை. பொறியியல் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் பேசிக் கேட்டேன்.

கடிகாரத்தைக் கேள் என்றேன். எந்தக் கடிகாரத்தை? கம்ப்யூட்டரில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று தேதி, மணி காட்டுவது. அதை யாரும் திருத்தலாம். நெட்டில் சேர்ந்தால் அதுவாகவே தன்னைத் திருத்திக்கொள்ளும். இன்னொன்று முன்னால் மட்டுமே போகும், பின்னால் திரும்பாது. பைத்தானில் 2012-ல் வந்த 3.3 பதிப்பு முதல் 'மோனோடோனிக்' என்றும் 'பெர்ஃப் கவுண்ட்டர்' என்றும் இதற்குத் தனியாகவே உண்டு. ஸ்டாப்வாட்ச்சுக்கு இவைதான் சரி. முதல் விதத்தைப் போட்டு ஓட விட்டு, நடுவில் கம்ப்யூட்டரின் மணியை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிப் பாருங்கள். ஸ்டாப்வாட்ச் மைனஸில் போகும். ஓட்டப் பந்தயத்தில் ஓடுவதற்கு முன்பே ஜெயித்துவிடலாம்!

சிரிக்கிறோம். ஆனால் 2017 ஜனவரி 1 அன்று, நம் நேரப்படி விடிகாலை 5.30 மணிக்கு, உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டபோது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டி.என்.எஸ். மென்பொருளில் இதேதான் நடந்தது. எப்போதும் பூஜ்யத்துக்குக் குறையாது என்று நினைத்திருந்த ஒரு நேர வித்தியாசம் மைனஸ் ஆகி, அதை நம்பியிருந்த சில தளங்களுக்கு வழி தெரியாமல் போயிற்று. காலம் பின்னால் போகாது என்று நினைத்தார்கள். காலம் போகவில்லைதான், கடிகாரம் போனது.

எத்தனை தசம இடம் காட்டுவது என்பதில் பிள்ளைகளுக்குப் பேராசை. மூன்று இடம், ஆறு இடம் என்று ஓட விட்டால் பார்க்க ஜோராக இருக்கிறதாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நகைக்கடைத் தராசில் வெங்காயம் நிறுத்து என்ன பயன்? அமுக்குவது நம் விரல். கண் பார்த்து விரல் அசைவதற்குள் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால்தான் தடகளத்தில் கையால் எடுத்த நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிக்குமேல் நம்புவதில்லை, 10.11 என்று கடிகாரம் காட்டினாலும் 10.2 என்று மேலே ஏற்றித்தான் எழுதுவார்கள். மூன்று பேர் எடுத்து மூன்றும் வேறாக இருந்தால் நடுவில் உள்ளதுதான் கணக்கு.

நூற்றில் ஒரு பங்கு தேவைப்படுகிற இடமும் உண்டு. அங்கே விரலுக்கு வேலை கிடையாது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டம். நம் பி.டி. உஷா 55.42 வினாடி. ருமேனியாவின் கோஜோகாரு 55.41. அந்த நூற்றில் ஒரு பங்கில் வெண்கலம் போயிற்று. அப்படியானால் ஆயிரத்தில் ஒரு பங்கு இன்னும் நியாயமாக இருக்குமே என்று தோன்றும். 1972 மியூனிக்கில் நீச்சலில் அதைச் செய்தார்கள். 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் லார்சன் அமெரிக்காவின் மெக்கீயை 0.002 வினாடியில் வென்றதாக அறிவித்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தால், அவ்வளவு நேரத்தில் நீந்துகிற தூரத்தைவிட ஒரு நீச்சல் பாதைக்கும் இன்னொன்றுக்கும் நீளத்தில் வித்தியாசம் அதிகமாக இருக்கலாம்! அதன்பின் நீச்சலில் நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். சிவில் நண்பர்கள் கவனிக்க: கடிகாரத்தைத் தோற்கடித்தது கொத்து வேலை.

ஒரு தங்கை கேட்ட கேள்வியை விட்டுவிடக் கூடாது. "நம்ம வாட்ச் தப்புன்னு போனை வச்சுச் சொல்றோம். போன் சரின்னு எப்படிச் சொல்றது அண்ணா?" வைவாவில் எந்த எக்ஸ்டர்னலும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. போன் தன் நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து சரிசெய்துகொள்கிறது. இந்திய நேரத்துக்கு டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பொறுப்பு. அங்கே அணுக் கடிகாரங்கள். நம் கைக்கடிகாரத்தில் இருப்பது வினாடிக்கு 32,768 முறை அதிர்கிற குவார்ட்ஸ். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் உடனே சொல்வார்கள், பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் ஒன்று. அதுவும் மாதத்துக்குப் பதினைந்து வினாடிவரை முன்பின் போகும். எதை எதோடு ஒத்துப் பார்க்கிறோம், அதை எதோடு ஒத்துப் பார்த்தார்கள் என்ற சங்கிலிதான் அளவுக் கருவிகளின் காலிபரேஷன். ஒரு பொம்மை புரோகிராமிலிருந்து அந்தப் பெண் அங்கே போய் நின்றுவிட்டது.

இந்தக் காலத்துக் கேள்வி ஒன்று பாக்கி. "செயற்கை நுண்ணறிவைக் கேட்டா அரை நிமிஷத்துல எழுதிக் குடுத்துருதே, நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?" தாராளமாகக் கேளுங்கள். வாங்குங்கள். ஆனால் வாங்கியதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். ஸ்டார்ட்டை இரண்டு தடவை அமுக்குங்கள். மணியைப் பின்னால் தள்ளுங்கள். 59.996-ஐ எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள்; வினாடியைத் தனியாக முழுமையாக்கினால் நிமிஷம் ஏறாமல் '0:60.00' என்று ஒரு விசித்திரம் வரும். இந்த நாலு சோதனையையும் கேட்கத் தெரிந்தவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்தால் என்ன? தெரியாதவர்களுக்குச் சொந்தமாக எழுதியும் பிரயோஜனம் இல்லை. மார்க் லிஸ்ட் புரோகிராமைக் காப்பி அடித்தால் ஒன்றும் தெரியாமலே பாஸாகிவிடலாம். ஸ்டாப்வாட்ச்சை அப்படிச் செய்ய முடியாது என்பதுதான் என் கட்சி.

ஆகவே மாணவர் பேரவை மூலமாக நம் துறைத் தலைவர்களிடம் வைக்கிற கோரிக்கை இது. சிலபஸை மாற்றச் சொல்லவில்லை. அது நம் கையில் இல்லை. முதல் லேபின் தொடக்கத்தில் மூன்று வகுப்புகளை மட்டும் ஒதுக்குங்கள். இரண்டிரண்டு பேராகச் செய்யட்டும். ரெக்கார்டில் புரோகிராமை அழகான கையெழுத்தில் எழுத வேண்டாம். ஒரே ஒரு அட்டவணை போதும்: ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி நேரத்தில் நம்மது எவ்வளவு, போன் எவ்வளவு, வித்தியாசம் ஏன். ரீடிங்கை ஜோடித்து எழுதிவிடுவார்களே என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஹைட்ராலிக்ஸ் ரீடிங்கைச் சரிபார்க்க மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். இதைச் சரிபார்க்க சார் தன் போனை மேஜைமேல் வைத்தால் போதுமே!

அப்படியே அடுத்த விளையாட்டு விழாவில், பி.டி. சாரின் ஸ்டாப்வாட்ச்சுக்குப் பக்கத்தில் நாம் செய்ததையும் ஒரு லேப்டாப்பில் வைத்து ஓட விடலாம். பரிசு கொடுக்க அவருடையதே இருக்கட்டும். இரண்டும் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க மட்டும்.

லேப் பட்டனைப் பற்றி நான் எழுதவில்லை என்று ஜூனியர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் அதையும் செய்துவிட்டார்கள். நாலு சுற்று ஓடினால் நாலு சுற்றின் நேரமும் மொத்த நேரமும் வருகிறது. ஆனால் நாலையும் கூட்டினால் சில தடவை மொத்தத்தைவிட நூற்றில் ஒன்றிரண்டு குறைகிறது. ஒவ்வொரு சுற்றின் வாலையும் தனித்தனியாக வெட்டுவதால் வருகிற வினை. சுற்று நேரங்களைச் சரியாகக் காட்டி மொத்தத்தை விட்டுக்கொடுப்பதா, மொத்தம் ஒத்து வரும்படி ஒரு சுற்றின் நேரத்தில் ஒன்றைக் கூட்டுவதா? இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். மலர் அச்சுக்குப் போகிறவரை தீரவில்லை. யோசனை உள்ளவர்கள் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் லேபுக்கு வரலாம்.